முகூர்த்த நாளில் ஆடிய மீட்டர்

அந்தச் சில்லைக் கொன்றது என் தும்மல்தான் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் தும்மினேன், மீட்டரில் எண்கள் தறிகெட்டு ஓடின, ஆகவே தும்மல் சில்லுக்குள் புகுந்துவிட்டது. என் மூளை போட்ட கணக்கு இவ்வளவுதான். அதுவும் பல வருடம் கருவிகளோடு புழங்கியவனின் மூளை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த கல்லூரியின் இயற்பியல் துறைக்குப் புதிதாக ஒரு தடுப்பறை வந்திருக்கிறது. சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் செம்புத் தகடு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளியிலிருந்து ஒரு ரேடியோ அலையும் எட்டிப் பார்க்காது. கையில் இருக்கும் போன் வெறும் டப்பா ஆகிவிடும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த என்னையும் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "இந்த ரூம் இல்லாம நீங்க எல்லாம் எப்படி சார் அளந்தீங்க?" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டார்கள். "புடவை போத்தி அளந்தோம்" என்றேன். ஐம்பது தாண்டியதுமே ஆளுக்குக் கழன்றுவிட்டது என்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். தறியில் உட்கார வைத்தால் நூலை அறுப்பேன் என்பதால் ஐ.டி.ஐ.க்கு அனுப்பி ரேடியோ, டி.வி. மெக்கானிக் படிக்க வைத்தார்கள். எங்கள் தெருவில் தறிச் சத்தத்தை மீறி டி.வி. கேட்க வேண்டும், எல்லாரும் சத்தத்தை ஏற்றி வைப்பார்கள், ஸ்பீக்கர் கிழியும், எனக்குப் பிழைப்பு ஓடும். அப்புறம் ஊருக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில் ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்தது. காலையில் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போவேன், சாயங்காலம் அப்படியே திரும்பி வருவேன்.

எனக்கு மேலே இருந்தவர் பேராசிரியர் வரதாச்சாரி சார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நெற்றியில் நாமம், சட்டைப் பையில் சின்ன பூதக்கண்ணாடி. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கருவியைத்தான் திட்டுவார், தப்புச் செய்த ஆள் பக்கத்தில் நிற்கும்போது. நான் ஒரு திருகை அவசரமாக முடுக்கினால், திருகைப் பார்த்துச் சொல்லுவார்: "இதுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? ஆத்துல யாராவது காத்துண்டிருக்காளா?" திருகு பதில் சொல்லாது. எனக்குத்தான் காது சூடாகும். நான் சிவன் கோயில் பக்கமான பெரிய காஞ்சிபுரத்துக்காரன், பெயர் வேறு ஏகாம்பரம். கூப்பிடும்போதே அவர் வாயில் ஒரு சிரிப்பு இருக்கும். "என்னங்காணும் ஏகாம்பரம், உங்க பக்கத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்பார். ஏதோ நாங்கள் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருப்பதுபோல.

கைப்பேசி வசதியானவர்கள் பையிலிருந்து இறங்கி ஆளுக்கு ஒன்று என்று ஆகிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஓர் ஆடி மாதத்தில் அந்தச் சில்லு வந்தது. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் இருந்த சாரின் பழைய மாணவர் இரவலாக அனுப்பியிருந்தார். விரல் நகம் அளவுக்கு ஒரு பளபளப்பு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டித் தூண்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே அந்தத் தூண்களை நூற்றுக்கணக்கில் வரிசையாக நிறுத்தலாம். ஒவ்வொரு தூணிலும் இரண்டு காந்தப் படலங்கள், நடுவில் மின்சாரம் தட்டுத் தடுமாறி மட்டுமே தாண்டக்கூடிய மெல்லிய தடுப்பு.

சார் விளக்கியதை நான் எனக்குப் புரிந்த மாதிரி வைத்துக்கொண்டேன். கீழ்ப்படலம் மாமனார், ஒரு திசையைப் பார்த்து உட்கார்ந்தால் அசையமாட்டார். மேற்படலம் மாப்பிள்ளை, லேசாகத் தட்டினாலும் ஆடுவான். ரேடியோ அலை மின்சாரமாக உள்ளே போனால் மாப்பிள்ளை அந்தத் தாளத்துக்கு ஆட ஆரம்பிப்பான். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தால் மின்சாரம் சுலபமாகப் போகும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கஷ்டப்பட்டுப் போகும். மின்சாரமும் ஆடுகிறது, தடையும் அதே தாளத்தில் ஆடுகிறது. இரண்டும் சேர்ந்து, ஆடாத ஒரு சின்ன வோல்டேஜை மிச்சம் வைக்கும். அந்த மிச்சம்தான் "அலை வந்தது" என்பதற்குச் சாட்சி. மாப்பிள்ளைக்குப் பிடித்த தாளமும் அலையின் தாளமும் ஒத்துப்போனால் மிச்சம் ஏறும். வெளியே இருக்கிற மின்காந்தத்தைக் கூட்டிக் குறைத்தால் அவனுக்குப் பிடித்த தாளம் மாறும்.

"புரியறதா?" என்றார் சார்.

"எங்க வீட்டுக் கதை சார். நல்லாவே புரியுது."

இந்தச் சில்லை நம்பி இருந்தவள் ஷாஹிதா. ஒலிமுகமது பேட்டைப் பெண், சாரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அந்தத் தூண் எவ்வளவு பலவீனமான அலை வரைக்கும் உணரும் என்று அளந்து காட்ட வேண்டும். ஆவணி முடிவதற்குள் சில்லைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அங்கே வேறொரு குழு காத்துக்கொண்டிருந்தது. உதவித்தொகை முடியப்போகிற நேரம். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது ஓடலன்னா எங்க அத்தா என்னை டீச்சர் ட்ரெய்னிங்ல சேத்துடுவாரு அண்ணா. ஏற்கெனவே அப்ளிகேஷன் வாங்கி டேபிள் மேல வெச்சிக்கினு இருக்காரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

அந்த நடுத்தடுப்பு இருக்கிறதே, அதற்கு மீட்டர் வைத்துத் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பதே ஆபத்து. சாதாரண மல்டிமீட்டர் விடுகிற வோல்டேஜிலேயே பொத்துக்கொண்டு போய்விடும். நம் உடம்பில் இருக்கிற மின்சாரம் ஒரு பொறி தட்டினால் போதும், தூண் காலி. அதனால், அளக்கிற இரண்டு மெல்லிய ஊசிகளைத் தூணில் இறக்க சார் ஒரு முறை வைத்திருந்தார். தொடுவதற்கு முன்னால், தொடப்போகிறவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

"என்ன பண்ணப் போறீர்?"

"எர்த் தகட்டத் தொடப் போறேன் சார்."

"தொடும். அப்புறம்?"

"மணிக்கட்டுல பட்டை மாட்டறேன். ஊசி ரெண்டையும் கம்பியால சேத்து ஷார்ட் பண்றேன். மைக்ராஸ்கோப்புல பாத்துக்கினே ஊசியை எறக்கறேன். உக்காந்தப்புறம் ஷார்ட்டை எடுக்கறேன்."

"எறக்கினப்புறம் மூச்சு விடலாம். அதுக்கு முன்னாடி வேண்டாம்."

சந்தியாவந்தனம் மாதிரி இதைத் தினமும் சொல்லுவோம். ஆடி முழுக்க எல்லாம் அழகாக நடந்தது. கம்பி வழியாக அலையை ஊசிக்கு அனுப்பும் ஜெனரேட்டரை அணைத்தால் மீட்டர் அமைதி; போட்டால் மிச்சம் ஏறி இறங்கியது. என் கைராசி என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

ஆவணி பிறந்தது. ஒரு காலை வேளையில் ஊசியை இறக்கி, ஷார்ட்டை எடுத்த அந்தக் கணத்தில் தும்மினேன். சாதாரணத் தும்மல் இல்லை, மூக்குப்பொடி போடுகிறவர்களே திரும்பிப் பார்க்கிற தும்மல். ஜெனரேட்டர் அணைந்துதான் இருந்தது. மீட்டரில் எண்கள் மேலே, கீழே, மேலே, கீழே.

மனசுக்குள் ராஜினாமா எழுதி, கையெழுத்தும் போட்டு, ஷாஹிதாவின் அத்தா வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்பும் கேட்டு முடித்துவிட்டேன். எதிரில் வந்த சாரிடம், அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே கத்தினேன்.

"சார், நான் தும்மிட்டேன் சார்!"

"நூறாயுசு" என்றார்.

"சார், சில்லு..."

"அதுக்குத்தான் சொன்னேன். உமக்கில்லை."

உட்கார்ந்து, மிகக் குறைந்த மின்சாரத்தை விட்டுத் தடையை அளந்தார். நேற்று இருந்த அதே தடை. "உயிர் இருக்கு. கொஞ்சம் படபடப்பு, அவ்வளவுதான்" என்றார் மீட்டரைப் பார்த்து. நான் நம்பவில்லை. இழுத்துக்கொண்டு கிடக்கிறது, சார் மனசைத் தேற்றுகிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள் மீட்டர் அமைதியாக இருந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி பேயாட்டம். நான் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். அப்படியும் ஆடியது. சகுனம் நம் மூக்கைத் தாண்டி எங்கேயோ உட்கார்ந்துவிட்டது என்று பயந்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். நாள் ஆக ஆக தேங்காயின் எண்ணிக்கை ஏறியதே தவிர மீட்டர் இறங்கவில்லை.

கண்டுபிடித்தது ஷாஹிதா. நாங்கள் மூவரும் மீட்டர் முன்னால் இழவு வீட்டில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தோம். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம். கூரை மேலே அதைவிடப் புதிதாக ஒரு செல்போன் டவர். நாதஸ்வரம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று கெட்டிமேளம் கொட்டியது.

"அண்ணா, நின்னுடுச்சு" என்றாள்.

"எது, மேளமா?"

"மேளம் இல்லண்ணா, மீட்டர்! பாருங்க!"

எண்கள் அடங்கி நின்றன. மேளம் ஓய்ந்தது. ஒரு மூச்சு இழுத்து விட்டிருப்போம், முன்னைவிட மோசமாக ஆட ஆரம்பித்தது. சார் எழுந்து ஜன்னலுக்குப் போனார். நாங்களும் போனோம். மண்டபத்து வாசலிலும், பந்திக்கூடத்திலும், எங்கள் சுவரை ஒட்டி நின்ற வேன்களுக்கு நடுவிலும் எல்லார் கையும் காதில் இருந்தது. ஒரு பெரியவர் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார்: "ஆச்சு! தாலி கட்டியாச்சுபா! நீ எங்க கீற? பந்தி போட்டுட்டாங்க, சீக்கிரம் வா!"

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. டவர் மட்டும் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு அளந்திருந்தோம். ஆவணியில் மண்டபம் நிறைந்தது, போன்கள் நிறைந்தன. தாலி கட்டும் நேரத்தில் மட்டும் யாரும் போன் பேசமாட்டார்கள்.

"மீட்டர் பேஷா இருக்கு" என்றார் சார். "ஊர்தான் பேசிண்டிருக்கு. நம்ம தூண் அதைக் கேட்டுண்டிருக்கு."

எனக்குப் போன உயிர் திரும்பியது. ஷாஹிதாவுக்குத் திரும்பவில்லை. அவள் அளக்க வேண்டியது மிக மெல்லிய அலை. கல்யாண வீட்டு இரைச்சலில் அது எங்கே கேட்கும்?

அப்புறம் நடந்ததை வெளியில் சொல்லியிருந்தால் சாரின் உறவினர்கள் அவரை ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஆய்வகத்தில் பஞ்சாங்கம் மாட்டினோம். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து அளப்பது என்று முடிவு. அஷ்டமி, நவமி எல்லாம் எங்களுக்குச் சுப தினம். "எங்கப்பா இருந்திருந்தா என்னை ஆத்துப் படி ஏற விட்டிருக்க மாட்டார்" என்று சொல்லிக்கொண்டே நவமியைத் தேடிப் பிடித்துக் கட்டம் கட்டினார் சார். அந்த நவமியன்று மண்டபத்து வாசலில் பெரிய துணிப் பலகை: "மாபெரும் தள்ளுபடி விற்பனை". கல்யாணம் இல்லாத நாளில் மண்டபத்தைச் சும்மா வைத்திருப்பார்களா? ஊரே அங்கே இருந்தது. ஒவ்வொரு பெண்மணியும் வீட்டுக்குப் போன் போட்டு, "அக்கா, நூறு ரூபாய்க்கு நைட்டி கீது, உனுக்கு எடுக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மீட்டர் ஆடிய ஆட்டத்தைக் கல்யாண நாளில்கூடப் பார்த்ததில்லை.

அலை புகாதபடி சில்லைக் காந்தத்தோடு சேர்த்து மூடிப் பார்க்கலாம் என்றார் சார். தடுப்பறை கேட்டால் அனுமதி வருவதற்குள் சில்லு போய், ஷாஹிதாவும் டீச்சர் ஆகியிருப்பாள். அலுமினியத் தாளைச் சுற்றினோம். காந்தம் பெரியது, ஒவ்வொரு முறை ஊசியைச் சரிசெய்யத் திறக்கும்போதும் தாள் கிழிந்து, பொட்டலம் பிரித்த இடம் மாதிரி ஆனது. நான் புத்திசாலித்தனமாக வீட்டிலிருந்து பெரிய முறுக்கு டின் ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தேன். மின்காந்தத்தைப் போட்டதும் டின் "டங்" என்று துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டது. ஊசிக்கும் டின்னுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது ஒரு நூல் இடைவெளி. "இந்த டின்னுக்குக் காந்தத்து மேல பிரியம் ஜாஸ்தி" என்றார் சார். என் காது சூடானது.

"காந்தத்துக்கு ஒட்டக்கூடாது. மின்சாரம் ஓடணும். துணி மாதிரி மடங்கணும். வெள்ளில துணி நெய்ஞ்சா தேவலை" என்று தனக்குள் பேசிக்கொண்டார்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "சார், எங்க வீட்ல டிஷ்யூ புடவை இருக்குது" என்றேன். சொல்லி முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

டிஷ்யூ புடவை என்றால் கரை மட்டும் அல்ல, உடல் முழுக்க ஜரிகை ஓடும். பட்டிழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் போட்டால் அது ஜரிகை. அது என் மனைவி சரசுவின் முகூர்த்தப் புடவை. அவள் அப்பாவே தறியில் உட்கார்ந்து நெய்தது. அந்தக் காலத்தில் ஊரில் செம்பு ஜரிகை கலப்பதாகப் பேச்சு இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து, "உங்கப்பா செம்பைச் சுத்தி என் தலைல கட்டிட்டாரு" என்று நான் அவளைச் சீண்டாத நாள் இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என் புடவைய மிசின் மேல போத்தறதா?"

"அந்தப் பொண்ணு படிப்பு நிக்குது சரசு."

"எது, உனுக்கு டீ வாங்கியாருதுன்னு சொல்லுவியே, அந்தப் பாய் வீட்டுப் பொண்ணா?" இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "சரி. ஆனா நானும் வருவேன். நான்தான் மடிப்பேன், நான்தான் போத்துவேன். வேலை செய்யலன்னா எங்கப்பா ஜரிகை சரியில்லன்னு ஒரு வார்த்தை வாய்லருந்து வரக் கூடாது."

அங்கேதான் எனக்குப் புதுப் பயம் பிடித்தது. வேலை செய்யவில்லை என்றால்? விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தது நிஜம் என்று ஆகிவிடுமே. மாமனாரின் மானத்தை நானே மீட்டரில் மாட்டிவிடப் போகிறேனே. ஷேர் ஆட்டோவில் சரசு புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் வேர்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி வந்ததும் ஓடிப்போய்ச் சாரைத் தனியாகப் பிடித்து, "ஒருவேளை செம்பா இருந்தா சார்?" என்று கேட்டேன்.

"செம்பு இன்னும் மலிவு, வேலை அதேதான் பண்ணும்" என்றார். "அலை வந்து உரசிப் பாத்துட்டா தங்கம் வெள்ளின்னு கேக்கப்போறது?"

இத்தனை வருடக் கிண்டலும் இத்தனை நேரப் பயமும் ஒரே வாக்கியத்தில் வீண்.

ஆவணியின் கடைசி முகூர்த்த நாள் அது. மறுநாள் சில்லைப் பொட்டலம் கட்ட வேண்டும். வழக்கமான மந்திரத்தைச் சொல்லி ஊசியை இறக்கினேன். சரசு புடவையை விரித்துக் காந்தத்தின் மேல் போர்த்தினாள். எர்த் கம்பியைப் புடவையோடு சேர்க்க முதலைவாய்க் கிளிப்பை எடுத்தேன்.

"கிளிப்பா? என் புடவைலயா?"

கிளிப்பை மேசைமேல் வைத்தேன். எர்த் கம்பியைப் பித்தளைத் தட்டு ஒன்றோடு சேர்த்து, புடவையின் ஓரத்தைத் தட்டுக்கு அடியில் வைத்தோம். ஷாஹிதா மீட்டரைப் பார்த்தாள். ஆட்டம் குறைந்திருந்தது. ஆனால் நிற்கவில்லை. பாதி ஆட்டம் மிச்சம் இருந்தது. அவள் முகம் சின்னதாகப் போனது. சரசு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

சார் பூதக்கண்ணாடியை எடுத்துப் புடவைமேல் குனிந்தார். "ஏம்மா, ஜரிகை எந்தப் பக்கமா ஓடறது?"

"ஊடைல மட்டும்தான் சார். பாவு பூரா பட்டு."

"அப்ப குறுக்கே மட்டும் கம்பி இருக்கு. நெடுக இல்லை." நிமிர்ந்தபோது முகத்தில் சின்னப் பிள்ளைச் சிரிப்பு. "கம்பிக்கு இணையா ஆடற அலையைத்தான் இது நிறுத்தும். குத்துவாட்டமா வர்றது உள்ளே நுழைஞ்சுடறது. மேல இன்னொரு மடிப்பைத் திருப்பிப் போட முடியுமா? ஒண்ணு கிழக்கு மேற்கு, ஒண்ணு தெற்கு வடக்கு?"

"பாய் முடையற மாதிரியா சார்?"

"அதே."

ஆறு கஜப் புடவை. மிச்சம் நிறைய இருந்தது. சரசு மடிப்பை எடுத்து, திருப்பி, முதல் மடிப்புக்குக் குறுக்கே விழும்படி போர்த்தி, நாலு ஓரத்தையும் சொருகினாள். குழந்தைக்குப் போர்வை போர்த்துவதுபோல ஒரு தட்டும் தட்டினாள். எண்கள் மெல்ல மெல்ல அடங்கின. கடைசி இலக்கம் மட்டும் சோம்பலாக மாறிக்கொண்டிருந்தது. எதிரே நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது.

"போடட்டுமா சார்?" என்றாள் ஷாஹிதா.

"என்ன பண்ணப் போறேன்னு சொல்லு."

"ஜெனரேட்டரைப் போடப் போறேன். இருக்கறதுலயே சின்ன அலை. தாளத்தை மெதுவா ஏத்தப் போறேன்."

போட்டாள். திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. வந்துகொண்டே இருந்தது. அப்புறம் ஓர் இடத்தில் தலையைத் தூக்கி, ஏறி, அழகாக இறங்கியது. காந்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். மேடு நகர்ந்தது. குறைத்தேன், திரும்பி வந்தது. கண்ணை நம்பாமல் அவள் இன்னொரு முறை அளந்தாள். அதே இடத்தில் அதே மேடு.

"இதுக்கா இவ்ளோ?" என்று சரசு என் காதில் கேட்டாள். ஷாஹிதா திரும்பி சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிரே கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்தது. மண்டபத்தில் எல்லாரும் போனை எடுத்தார்கள். மீட்டர் அசையவில்லை. சாப்பாட்டுக்குக்கூட எழாமல் ஷாஹிதா அலையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனாள். மேடு இரைச்சலுக்குள் மறைகிற இடம் வரைக்கும் அளந்து முடித்தாள். மறுநாள் சில்லு கூரியரில் திரும்பிப் போனது. அவளுடைய ஆய்வேடு ஏற்கப்பட்டது, பட்டம் கிடைத்தது.